அலைக்கற்றையை ஏலம் விட்டே ஆகவேண்டுமா?

செங்கரும்பு (திரியைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் அலைக்கற்றையை, அதாவது செல்போன் சிக்னல் போகிற ரேடியோ அலைவரிசைகளை, பொதுவாக ஏலத்தில்தான் கொடுக்கவேண்டும் என்கிறது. கூடவே முதல் அட்டவணை என்று ஒன்றை வைத்து, அதில் உள்ளவற்றுக்கு ஏலம் இல்லாமல் அரசே நேரடியாக ஒதுக்கலாம் என்றும் சொல்கிறது. ராணுவம், பேரிடர் மேலாண்மை, வானிலை, பிஎஸ்என்எல் எல்லாம் அதில் உண்டு. செயற்கைக்கோள் இணையமும் உண்டு. அதற்கு வருமானத்தில் 4 விழுக்காடு வாங்கினால் போதும் என்று 2025 மே மாதம் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பரிந்துரைத்தது.

2012 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், முதலில் வந்தவருக்கு முதலில் என்று கொடுத்தது தவறு என்று 122 2ஜி செல்போன் உரிமங்களை ரத்து செய்தது ஞாபகம் இருக்கும். அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அதே வருடம் செப்டம்பரில், இயற்கை வளம் எல்லாவற்றுக்கும் ஏலம் கட்டாயம் இல்லை என்று கருத்துச் சொன்னது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

செல்போன் இணையத்துக்கும் ஏலத்தை விட்டுவிட்டு, "இத்தனை ஊருக்குச் சிக்னல் கொடு, அலைக்கற்றையை வைத்துக்கொள்" என்று ஒதுக்கினால் என்ன? 2024 ஜூன் ஏலத்தில் 10,522 மெகாஹெர்ட்ஸ் கடைபரப்பினார்கள். போனது 141.4. வந்தது 11,340 கோடி. இரண்டாம் நாளே கடையைக் கட்டிவிட்டார்கள். மீதி அலைக்கற்றை யாருக்கும் உதவாமல் சும்மா கிடக்கிறது.

ஏலக்காய்

தலைப்பு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது, வந்துவிட்டேன்.

2024 கணக்கை மட்டும் எடுத்துப் பேசுவது, அறுவடை முடிந்த வயலைக் காட்டி விளைச்சலே இல்லை என்பது மாதிரி. 2022 ஆகஸ்டில்தான் 5ஜி ஏலம் முடிந்தது. 72,098 மெகாஹெர்ட்ஸ் வைத்ததில் 51,236 விற்றது. மொத்தம் 1,50,173 கோடி. வேண்டியதை எல்லாரும் அப்போதே வாங்கிப் போட்டுவிட்டார்கள். இரண்டே வருடத்தில் மறுபடி எதற்கு வாங்குவார்கள்?

சரி, ஏலம் வேண்டாம். வேறு என்ன வழி? மனு வாங்கி அதிகாரி பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். குலுக்கல் போடலாம். வரிசையில் நிற்கவைக்கலாம். மூன்றையும் உலகம் செய்து பார்த்துவிட்டது. அமெரிக்காவில் எண்பதுகளில் செல்போன் உரிமத்துக்குக் குலுக்கல் போட்டார்கள். கிட்டத்தட்ட 4 லட்சம் மனு. டவர் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் எல்லாம் சீட்டுப் போட்டார்கள். கேப் காட் என்ற கடலோரப் பகுதிக்குக் குலுக்கலில் ஜெயித்தவர்கள், கையில் கிடைத்ததை உடனே ஒரு போன் கம்பெனிக்கு 4.1 கோடி டாலருக்குக் கைமாற்றிவிட்டார்கள். அரசாங்கம் ஓசியில் கொடுத்தது, கம்பெனி முழு விலை கொடுத்துத்தான் வாங்கியது, லாபம் நடுவில் நின்றவர்களுக்கு. 1994-இல் அங்கே ஏலம் வந்தது இந்த அனுபவத்துக்குப் பிறகுதான்.

வரிசைக்கு நம் 2ஜி கதையே போதும். 2008 ஜனவரி 10, டெல்லி சஞ்சார் பவன், தொலைத்தொடர்புத் துறை அலுவலகம். மதியம் இரண்டே முக்கால் வாக்கில் இணையதளத்தில் ஓர் அறிவிப்பு: மூன்றரை மணிக்கு ஆள் அனுப்பி ஒப்புதல் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம்! கடிதத்தை வாங்கி யார் முதலில் பணம் கட்டுகிறாரோ அவருக்குத்தான் வரிசையில் முதலிடம். அதற்குள் கோடிக்கணக்கான ரூபாய்க்கு வரைவோலையோடு ஓடிவரவேண்டும். சிலர் கையில் முன் தேதியிட்ட வரைவோலை தயாராக இருந்தது என்று தணிக்கை அறிக்கையே எழுதியது. நாடு முழுமைக்கும் விலை 1,658 கோடி. அது 2001-இல் வந்த விலை. அப்போது நாட்டில் செல்போன் இணைப்பு ஒரு கோடிகூட இல்லை. 2008-இல் 20 கோடியைத் தாண்டியாயிற்று.

செங்கரும்பு

ஒருபக்கக் கதை. 2007 ஆகஸ்டில் 2ஜி அலைக்கற்றைக்கு ஏலம் வேண்டாம் என்று பரிந்துரைத்தது அமைச்சர் அல்ல, டிராய். ஸ்வான் நிறுவனம் 1,537 கோடிக்கு உரிமம் வாங்கிச் சில மாதத்தில் 45 விழுக்காட்டை எடிசலாட் என்ற அமீரக நிறுவனத்துக்கு 90 கோடி டாலருக்குக் கொடுத்தது என்பார்கள். அது புதிதாகப் பங்கு வெளியிட்டுக் கம்பெனிக்குள் வந்த முதலீடு. உங்கள் கேப் காட் ஆட்கள் மாதிரிப் பையில் போட்டுக்கொண்டு போகவில்லை. 2017 டிசம்பர் 21 அன்று சிபிஐ சிறப்பு நீதிமன்றம் அன்றைய தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ.ராசா உட்பட அத்தனை பேரையும் விடுதலை செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏலக்காய்

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பது வேறு, முறை சரி என்பது வேறு. மனு வாங்க அக்டோபர் 1 வரை நேரம் கொடுத்துவிட்டு, பிறகு செப்டம்பர் 25-ஆம் தேதிக்குள் வந்த மனுக்களை மட்டும்தான் பார்ப்போம் என்று வெட்டினார்களே, அதைச் சரி என்பீர்களா?

அநாமதேயன்

உங்க கட்சிக்காரங்க பண்ணினா தப்பில்ல, எங்க

திரிப்பொறுப்பாளர்

மேலே உள்ள பதிவின் மீதியை நீக்கியிருக்கிறேன். கட்சிச் சண்டைக்குத் தனித் திரி இருக்கிறது, அங்கே 340 பக்கம் ஓடிவிட்டது, போய்ச் சேர்ந்துகொள்ளலாம். இங்கே அலைக்கற்றை மட்டும்.

கணக்குப்பிள்ளை

இரண்டு பேருமே பெரிய எண்ணைத் தொடாமல் சுற்றிப் போகிறீர்கள். தொழில் புத்தி, தொட்டுவிடுகிறேன்.

1,76,645 கோடி இழப்பு என்று சிஏஜி (அரசின் தலைமைத் தணிக்கையாளர்) 2010-இல் சொன்னது. ஊரே அதை 122 உரிமத்தின் விலை என்று நினைத்தது. அறிக்கையில் அது மூன்று துண்டு. புதிய உரிமங்களுக்கு 1,02,498 கோடி. சிடிஎம்ஏ என்ற செல்போன் தொழில்நுட்பம் வைத்திருந்தவர்களுக்கு ஜிஎஸ்எம் என்ற இன்னொன்றுக்கு அனுமதியும் சேர்த்துக் கொடுத்த வகையில் 37,154 கோடி. பழைய நிறுவனங்கள் 6.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வைத்திருந்த கூடுதல் அலைக்கற்றைக்கு 36,993 கோடி. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். மூன்றாவது துண்டு பழைய பெரிய கம்பெனிகளின் தலையில் விழவேண்டியது. அதைப் பற்றி டீக்கடையில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

இந்த எண்ணுக்கு அடிப்படை 2010-இல் நடந்த 3ஜி ஏலம். 34 நாள், 183 சுற்று. நாடு முழுவதும் 5 மெகாஹெர்ட்ஸ் ஜோடிக்கு 16,750 கோடி சொச்சம். 2010-இல் 3ஜிக்குக் கிடைத்த விலையை எடுத்து 2008-இல் 2ஜிக்குப் பொருத்தினார்கள். அப்புறம் ரத்தான அலைக்கற்றையை 2012 நவம்பரில் ஏலம் விட்டபோது வந்தது வெறும் 9,407 கோடி. டெல்லி, மும்பை, கர்நாடகா, ராஜஸ்தான் நான்கிலும் கேட்க நாதியில்லை. ஆக, சிஏஜி எண் ஊதிப்போனது என்று ஒருவர் சொல்லலாம், நியாயம் இருக்கிறது. 1,658 கோடியும் சரியான விலை இல்லை என்று இன்னொருவர் சொல்லலாம், அதிலும் நியாயம் இருக்கிறது.

விடுதலைக்கு எதிரான சிபிஐ மேல்முறையீட்டை டெல்லி உயர்நீதிமன்றம் 2024 மார்ச்சில் விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏலக்காய்

பிள்ளைவாள், 2012 நவம்பர் ஏலத்தைக் கவிழ்த்தது ஏலம் இல்லை, அடிப்படை விலை. 5 மெகாஹெர்ட்ஸுக்கு 14,000 கோடியிலிருந்துதான் கேட்கவே ஆரம்பிக்கவேண்டும் என்றார்கள். சந்தையில் தக்காளிக் கூடையை ஏலம் போடுகிறவர் ஆயிரம் ரூபாயில் ஆரம்பித்தால் கூட்டம் அடுத்த கடைக்குப் போகும். விலையைக் கண்டுபிடிக்கத்தான் ஏலம். விலையை முன்னாலேயே அரசு முடிவு பண்ணிவிட்டால் அது ஏலம் இல்லை, பலகை போட்ட கடை.

தலைகீழான கூத்தும் நடந்திருக்கிறது. நியூசிலாந்து 1990 வாக்கில் ஏலம் விட்டபோது அடிப்படை விலையே வைக்கவில்லை. ஜெயித்தவர் தான் கேட்ட விலையைக் கொடுக்கவேண்டாம், அடுத்தவர் கேட்ட விலையைக் கொடுத்தால் போதும் என்று விதி. ஒரு லட்சம் டாலர் கேட்டவர் கட்டியது 6 டாலர். ஒரு கல்லூரி மாணவர் சின்ன ஊர் ஒன்றின் டிவி உரிமத்துக்கு ஒரு டாலர் கேட்டார். வேறு யாரும் கேட்கவில்லை. ஒரு காசு கொடுக்காமல் வாங்கிக்கொண்டு போனார். அதற்காக யாரும் ஏலத்தையே தூக்கிப் போடவில்லை, விதியைத்தான் மாற்றினார்கள்.

செயற்கைக்கோளுக்கு ஏன் நேரடி ஒதுக்கீடு என்பதற்குக் காரணம் உண்டு. ஒரே அலைவரிசையை வேறு வேறு செயற்கைக்கோள்கள், வானத்தில் வேறு வேறு திசையிலிருந்து, ஒன்றோடொன்று பேசி வைத்துக்கொண்டு பகிர முடியும். செல்போன் டவரில் அது நடக்காது. ஒரு வட்டத்தில், அதாவது ஒரு சேவைப் பகுதியில், ஒரு துண்டு ஒருவருக்குத்தான்.

புதுமுகம்22

சின்னக் கேள்வி, சிரிக்கவேண்டாம். காற்றில் போகிற அலைக்கு எதற்கு உரிமம்? வீட்டில் வைஃபை வைக்க யாரிடமும் கேட்பதில்லையே?

டவர்_மணி

சிரிக்கவில்லை தம்பி. பதினாறு வருடமாக டவர் வேலைதான் பார்க்கிறேன், இந்தக் கேள்விக்குப் பதில் நேரில் பார்த்தது.

வைஃபைக்கு உரிமம் விலக்கு உண்டு. சக்தி குறைவு, உங்கள் வீட்டைத் தாண்டினால் செத்துவிடும். அதனால் பக்கத்து வீட்டுக்காரரோடு இடித்துக்கொண்டாலும் சமாளிக்கலாம். டவர் அப்படி இல்லை.

ஒரு ஊர், பேருந்து நிலையம் பக்கம். மூன்று நாளாக ஒரே ஒரு செக்டரில் (டவர் பார்க்கிற ஒரு பக்கத்தில்) கால் கட்டாகிறது, நெட் நகரவில்லை. டவரில் எல்லாம் சரி. ஆண்டெனா, கேபிள், கார்டு எல்லாம் மாற்றிப் பார்த்தோம். கடைசியில் அலைகளை அளக்கிற ஸ்பெக்ட்ரம் அனலைசரும் கையடக்க ஆண்டெனாவும் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தோம். நடக்க நடக்க அனலைசரில் இரைச்சல் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு லாட்ஜ் வாசலில் உச்சம். மொட்டை மாடிக்கு ஏறினால் துணி காயப்போடும் கம்பியில் ஒரு சின்ன ஆண்டெனா, கீழே ஒரு பெட்டி, மழைக்கு பிளாஸ்டிக் கவர். ஆன்லைனில் வாங்கிய பூஸ்டர். அறையில் சிக்னல் இல்லை என்று விருந்தினர்கள் திட்டுகிறார்களாம், மேலாளர் வாங்கி மாட்டிவிட்டார். பிளக்கைப் பிடுங்கினோம். அரை நிமிடத்தில் இரைச்சல் விழுந்தது, சுற்று வட்டாரம் முழுக்க நெட் வந்துவிட்டது. ரெண்டாயிரம் ரூபாய்ப் பெட்டி ஒன்று ஆயிரக்கணக்கான பேரின் போனை ஊமையாக்கிவிட்டது. அந்த மேலாளருக்கு அது சட்டப்படி குற்றம் என்றே தெரியாது, பாவம்.

இப்படி ஆளுக்கொன்று மாட்டினால் யாருக்கும் வேலை செய்யாது. அதனால் இந்த அலைவரிசை இன்னாருக்கு, இந்த வட்டத்தில், இத்தனை வருடத்துக்கு என்று ஒருவர் எழுதிக் கொடுத்தாகவேண்டும். நாட்டை 22 வட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் தமிழ்நாடு வட்டத்தில் சென்னையும் புதுச்சேரியும் சேர்ந்தது. எழுதிக் கொடுக்கவேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் சண்டை இல்லை என்று நினைக்கிறேன். என்ன வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பது என்பதில்தான் சண்டை.

அதில் என் கட்சி: 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பாருங்கள். ஃபீல்டில் எங்களுக்கு அது தங்கம். சுவரைத் தாண்டும், மரத்தைத் தாண்டும், வெகுதூரம் போகும். 2300-இல் பல டவர் வேண்டிய கிராமப்புறத்தில் இதில் ஒன்றிரண்டு போதும். 2016 அக்டோபரில் ஏலத்துக்கு வந்தது. அடிப்படை விலை ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி. உருப்படியாக ஏதாவது செய்ய 5 வேண்டும். அப்போதே 57,425 கோடி ஆயிற்று. ஒரு துண்டுகூடப் போகவில்லை. 2021-இல் 6,568 கோடி என்றார்கள், அப்போதும் போகவில்லை. 2022-இல் 3,927 கோடிக்கு இறக்கினார்கள், ஜியோ மட்டும் 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது. ஆறு வருடம்! தங்கத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நாங்கள் பித்தளையைத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

ஏலக்காய்

அதைத்தானே நானும் சொன்னேன். அடிப்படை விலை.

டவர்_மணி

சார், அடிப்படை விலையை வைப்பது யார்? 1,76,645 என்று ஒரு தடவை அடி வாங்கிய அதிகாரி, குறைவாக விலை வைத்து நாளை தணிக்கையில் மாட்டிக்கொள்வாரா? விற்காமல் போனால் யாரும் அவரைக் கேட்கமாட்டார்கள். குறைத்து விற்றால் கேட்பார்கள். நீங்கள் தாளில் எழுதுகிற ஏலம் வேறு, டெல்லியில் நடக்கிற ஏலம் வேறு.

மலைத்தேன்

இத்தனை கோடி எனக்கு எண்ணத் தெரியாது. கொல்லிமலையில் ஒரு சின்ன ஊர். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர் நான். வேலைக்கு வந்தவர்களை நிறுத்திவைத்துக் காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம் செயலியில் ஏற்றவேண்டும். ஏறினால்தான் வருகை, வருகை இருந்தால்தான் கூலி.

வரப்பு வேலை நடக்கிற இடத்தில் சிக்னல் இல்லை. படத்தை எடுத்துவிட்டு, ஒன்றரை கிலோமீட்டர் ஏறி ஒரு பாறைமேல் நின்றால் ஒரு கோடு வரும். சில நாள் அதுவும் வராது. போன மாதம் ஒரு வாரத்தில் இரண்டு நாள் மதியப் படம் ஏறவில்லை. பதினெட்டுப் பேர், பாதிப்பேர் வயதானவர்கள். "நாங்க வந்தது பொய்யா?" என்று என்னைத்தான் கேட்டார்கள். சிம் கொடுத்த கம்பெனிக்குப் புகார் போட்டால், உங்கள் பகுதியில் சேவை சிறப்பாக உள்ளது என்று குறுஞ்செய்தி வருகிறது. அந்தக் குறுஞ்செய்தியும் பாறைமேல் ஏறின பிறகுதான் வந்தது.

ஏலம் விட்டால் இங்கே டவர் வருமா, விடாவிட்டால் வருமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

செங்கரும்பு

அம்மா, இந்தத் திரியில் வந்த ஒரே நேரான கேள்வி உங்களுடையது.

ஏலத்தில் வாங்கினவர் போட்ட காசை முதலில் எடுக்கப்பார்ப்பார். காசு எடுக்கிற இடம் கொல்லிமலை இல்லை, சேலம், கோயம்புத்தூர். ஏல ஆவணத்தில் சேவை விரிவாக்கக் கட்டாயம் என்று ஒன்று உண்டு. அது மாவட்டத் தலைநகர், ஒன்றியத் தலைமையிடம் என்ற அளவோடு நின்றுவிடும். உங்கள் வரப்பு வரைக்கும் அது வராது.

பிரான்சில் வேறு மாதிரி செய்தார்கள். 2018 ஜனவரியில் அரசும் ஒழுங்குமுறை ஆணையமும் நான்கு நிறுவனங்களும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. 900, 1800, 2100 மெகாஹெர்ட்ஸ் உரிமங்களைப் புதுப்பிக்க ஏலம் விட்டுப் பணம் பார்க்கப்போவதில்லை; பதிலுக்கு ஒவ்வொரு நிறுவனமும் சிக்னல் சரியில்லாத இடங்களில் 5,000 தளங்களுக்குச் சேவை கொடுக்கவேண்டும். எங்கெங்கே என்று பட்டியல் கொடுத்தது அரசு, உள்ளூர் நிர்வாகங்களோடு பேசி. ஜப்பானும் 3ஜிக்கு ஏலம் விடாமல் மனு பார்த்துத்தான் கொடுத்தது. 2001 அக்டோபரில் உலகிலேயே முதலில் 3ஜி வணிகச் சேவை தொடங்கியது அங்கேதான். அதே சமயம் ஐரோப்பாவில் பிரிட்டன் 2,250 கோடி பவுண்டும், ஜெர்மனி ஏறத்தாழ 5,000 கோடி யூரோவும் 3ஜி ஏலத்தில் கறந்துவிட்டன. கறந்த பிறகு மாடு எழுந்திருக்கச் சில வருடம் ஆயிற்று.

ஏலக்காய்

அந்தப் பிரான்ஸ் 2020-இல் 5ஜிக்கு ஏலம் விட்டு 280 கோடி யூரோ பக்கம் எடுத்ததே, அதை விட்டுவிட்டீர்கள். ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். அதிலும் ஒரு பங்கை 35 கோடி யூரோ என்று நிலையான விலை வைத்து, கட்டாயங்களை ஏற்றுக்கொண்ட நான்கு பேருக்கும் 50 மெகாஹெர்ட்ஸ் கொடுத்துவிட்டு, மீதியைத்தான் ஏலம் விட்டார்கள். அந்த அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஏலம் விட்டாலே பணத்துக்கு மட்டும்தான் விடவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. "இந்த மலைக்கிராமப் பட்டியலை யார் குறைந்த மானியத்துக்கு எடுப்பீர்கள்" என்றும் ஏலம் விடலாம்.

மலைத்தேன் அவர்களுக்கு நேர்ப்பதில்: இரண்டு முறையிலும் தானாக வராது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருமானத்தில் 5 விழுக்காட்டைக் கிராமப்புறச் சேவை நிதிக்கென்று அரசு எடுக்கிறது. இப்போது அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். உங்கள் ஊர் டவருக்கான பணம் அங்கேதான் இருக்கிறது, அலைக்கற்றை விலையில் இல்லை.

ஏலத்தால் கட்டணம் ஏறுகிறது என்றும் அடுத்து யாராவது சொல்வீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்டிய பணம் கட்டியாயிற்று. நாளைக்கு ஒரு ஜிபியை எவ்வளவுக்கு விற்பது என்பதை எதிர்க்கடைக்காரன் விலைதான் முடிவு செய்யும். 2010, 2014, 2015, 2016 என்று வரிசையாக ஏலம்; 2015-இல் மட்டும் 1,09,874 கோடி. அதே காலத்தின் முடிவில்தான் உலகிலேயே மலிவான டேட்டா என்று பெயர் வாங்கினோம்.

கணக்குப்பிள்ளை

"கட்டிய பணம் கட்டியாயிற்று" என்றீர்கள். கட்டவில்லையே, அதுதான் சங்கதி.

2010-இல்தான் மொத்தப் பணத்தையும் ஏலம் முடிந்த சில நாளில் கட்டச்சொன்னார்கள். அதன்பிறகு தவணை. 2022 ஏலத்தின் ஒன்றரை லட்சம் கோடி, 20 ஆண்டுத் தவணை, 7.2 விழுக்காடு வட்டி. உங்கள் பாடப்புத்தகத்தில் மூழ்கிப்போன செலவு. இவர்கள் பேரேட்டில் வருடாவருடம் கதவைத் தட்டுகிற கடன். கடன் கழுத்தை நெரித்தால் எதிர்க்கடையே இருக்காது. ஏர்செல்லை எடுத்துக்கொள்ளுங்கள், நம் தமிழ்நாட்டில் தொடங்கிய கம்பெனி. 2010-இல் 13 வட்டத்தில் 3ஜி, 8 வட்டத்தில் பிராட்பேண்ட் அலைக்கற்றை எடுத்தது. 2018 பிப்ரவரியில் திவால் மனு. எண்ணை வேறு கம்பெனிக்குப் போர்ட் பண்ண அந்த வாரம் தமிழ்நாடே கடைகடையாக நின்றது. ஏல விலை மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன், ஜியோ வந்த பிறகான விலைப்போர் பெரிய காரணம். ஆனால் கடன் இல்லாதவன் விலைப்போரில் இன்னும் கொஞ்ச நாள் நின்றிருப்பான்.

அப்புறம் வோடஃபோன் ஐடியா. அரசுக்குக் கட்டவேண்டிய பாக்கியைக் கட்டமுடியாமல் பங்காக மாற்றிக் கொடுத்தார்கள். முதலில் 2023-இல் 16,133 கோடி. பிறகு 2025-இல் அலைக்கற்றைப் பாக்கி 36,950 கோடி. அதோடு அந்தக் கம்பெனியில் 48.99 விழுக்காடு அரசுடையதாயிற்று. ஏலம் போட்டவரே, ஏலம் எடுத்தவர் கடையில் பாதிப் பங்காளி. பட்ஜெட்டில் வருமானம் என்று எழுதியதை அடுத்த பக்கத்தில் எங்கே எழுதுவது என்று கேட்டால் எனக்கே குழப்பம்தான்.

செங்கரும்பு

பிள்ளைவாளுக்கு ஒரு கரும்புச்சாறு.

ஏலக்காய்

சரி, கடன் வாதம் வலுவானது, மறுக்கவில்லை. தவணையில் விற்பது அரசின் பேராசையையும் ஏலம் கேட்பவரின் பேராசையையும் சேர்த்து வளர்க்கிறது.

ஆனால் உங்கள் நேரடி ஒதுக்கீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டே. பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி அலைக்கற்றையை ஏலம் இல்லாமல் ஒதுக்க 2019 அக்டோபரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதன் 4ஜி நாடு முழுக்க முறையாகத் தொடங்கியது 2025 செப்டம்பர் 27. ஆறு வருடம். மணி அண்ணன் 700-க்கு அழுத அதே ஆறு வருடம்! காசு போட்டு வாங்கியிருந்தால் இப்படிக் காத்திருக்க மனசு வருமா?

செங்கரும்பு

அதற்குக் காரணம் ஒதுக்கீடு இல்லை. 2020-இல் டெண்டரையே ரத்து செய்து, உள்நாட்டுக் கருவிதான் வாங்கவேண்டும் என்று கையைக் கட்டினார்கள். டிசிஎஸ், தேஜஸ் கம்பெனிகளும் அரசின் சி-டாட் ஆய்வு மையமும் சேர்ந்து ஒன்றைச் செய்து முடிக்கும்வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. தனியார் மூவரும் வெளிநாட்டுக் கருவியை வாங்கி மாட்டிக்கொண்டு போனார்கள். 2010-லும் பாருங்கள், ஏலத்தில் கலந்துகொள்ளாத பிஎஸ்என்எல் தலையில் தனியார் ஏத்திவிட்ட விலையைக் கட்டச்சொல்லி 18,000 கோடிக்கு மேல் வாங்கினார்கள்.

ஏலக்காய்

காரணம் எதுவானாலும் அலைக்கற்றை சும்மாதானே கிடந்தது. சும்மா கிடப்பது ஏலத்தின் குற்றம் என்று திரியைத் தொடங்கியது நீங்கள்.

டவர்_மணி

ரெண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். மலைத்தேன் அக்கா, உங்கள் ஊர்ப்பக்கம் சமீபத்தில் புது டவர், அல்லது பழைய டவரில் புதிதாக ஏதாவது மாட்டினார்களா? சிக்னல் எட்டாத ஊர்களுக்கு என்று பிஎஸ்என்எல் 4ஜி டவர் நிறுத்துகிற திட்டம் ஒன்று ஓடுகிறது. யாரிடமாவது அந்த சிம் இருந்தால் வாங்கிப் போட்டு, பாறைமேல் வேண்டாம், வேலை நடக்கிற இடத்திலேயே நின்று பாருங்கள். சிக்னல் வந்தால் பேண்ட் (அலைவரிசையின் எண்) எத்தனை என்று காட்டுகிற இலவசச் செயலி ஒன்று உண்டு, பெயரைத் தனிமடலில் அனுப்புகிறேன்.

மலைத்தேன்

செம்மேடு போகிற வழியில் புதிதாக ஒன்று நிற்கிறது மணி அண்ணா. அந்த சிம் எங்கள் ஊரில் பால் ஊற்றுகிற தம்பியிடம் இருக்கிறது. நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறேன்.

ஏலக்காய்

பேண்ட் 28 என்று வந்தால் சொல்லுங்கள், அதுதான் 700. யாரும் வாங்காத 11,485 கோடி சரக்கு.

மலைத்தேன்

தம்பி சிம்மைப் போட்டு வரப்பிலேயே நின்று பார்த்தேன். நீங்கள் சொன்ன செயலியில் 28 என்றுதான் காட்டுகிறது. பக்கத்தில் மைனஸ் 112 என்று ஓர் எண். கோடு ஒன்றுதான், அதுவும் வந்து வந்து போகிறது.

டவர்_மணி

அது சிக்னலின் அளவு. 112 என்றால் டவர் எட்டுகிற ஓரத்தில் நிற்கிறீர்கள் அக்கா. போனைக் கையில் மூடிப் பிடிக்காமல், டவர் பக்கம் பார்த்து உயர்த்திப் பிடியுங்கள். படம் ஏற அது போதும்.

செங்கரும்பு

ஏலம் இல்லாமல் ஒதுக்கிய அலைக்கற்றை, ஏலக்காயாரே. கவனித்தீர்களா?

ஏலக்காய்

கவனித்தேன். ஒரு கோடுதானே வந்திருக்கிறது என்பதையும் கவனித்தேன்.

மலைத்தேன்

காலைப் படம் 9:40-க்கு ஏறிவிட்டது. பதினெட்டுப் பேரும் தெரிகிறார்கள். தம்பி சாயங்காலம் சிம்மைத் திருப்பிக் கேட்பான், அதற்குள் மதியப் படம் ஏறினால் வந்து சொல்கிறேன்.